கழுத்தில் கிடந்த பொய்

கைக்குட்டைப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்த பேக்கரிக்காரர் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. திறந்து காட்ட வெட்கப்படுபவர் போல இருந்தார்.

"பிரிங்க சார். இங்கே டாக்டர்கிட்ட வந்த மாதிரி நினைச்சுக்குங்க. எதைப் பார்த்தும் முகம் சுளிக்க மாட்டோம்" என்றான் ரேடியோ.

பொட்டலம் பிரிந்தது. உள்ளே ஆண்கள் போடும் தடித்த முறுக்குச் செயின். ஜன்னல் வழியே வந்த மத்தியான வெயிலில் பளபளத்தது.

"தங்கம் இல்ல மேடம்" என்றார் பேக்கரிக்காரர். "செம்பு மேல முலாம் பூசினது."

மேடம் என்று அவர் அழைத்தவளை அந்த வட்டாரம் அக்கா என்றுதான் அழைக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யான கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை உதறிவிட்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். உதவியாளனுக்கு ரேடியோ என்ற பட்டப்பெயர் வந்த காரணத்தை அவனோடு ஐந்து நிமிடம் பேசினால் தெரிந்துகொள்ளலாம். பேசக்கூட வேண்டாம், எதிரில் உட்கார்ந்தாலே போதும்.

"எப்போ தெரிஞ்சுது?" என்றாள் அக்கா.

"நேத்து. பையனுக்கு வேலை கிடைச்சிருக்கு. அவனுக்கு ஒரு செயின் எடுக்கலாம்னு நகைக்கடைக்குப் போனோம். இதே மாடல்ல வேணும்னு கழட்டிக் கொடுத்தேன். சேல்ஸ்மேன் கையில வாங்கினதுமே ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே கொண்டுபோய் உரைச்சுப் பார்த்துட்டு வந்து, 'சார், இது கவரிங்'னு காதோட சொன்னார். பையன் பக்கத்துலயே நிக்கிறான் மேடம். எனக்கு எங்கே பார்க்கிறதுன்னே தெரியல."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"நேரா வீட்டுக்குப் போய் மச்சினனோட பையைத் தூக்கித் தெருவுல வெச்சேன்."

"விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே மூச்சுல முடிச்சிட்டீங்க" என்றான் ரேடியோ. "எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க சார், கைதட்டவா?"

"ஆதாரம் வேணும்" என்றார் பேக்கரிக்காரர், அவனைப் பார்க்காமலே. "என் சம்சாரம் என்கூடப் பேச மாட்டேங்கிறா. தம்பி வெளியில நிக்கிற வரைக்கும் வீட்டுல அடுப்பு எரியாதுங்கிறா. அவன்தான் மாத்தினான்னு நீங்க காட்டிட்டா அவ வாய் அடங்கும்."

"ஏன் அவன்தான்னு நினைக்கிறீங்க?"

"மாவு பிசையும்போது செயினைக் கழட்டி ஆணியில மாட்டுவேன். அந்த அறைக்குள்ள வர்றது நானும் அவனும்தான். வேற யார்?"

அக்கா செயினை எடுத்துக் கையில் ஆட்டிப் பார்த்தாள். பிறகு கொக்கியின் உள்பக்கத்தைப் பார்த்தாள்.

"யார் கொடுத்தது இது?"

அதுவரை இறுகியிருந்த பேக்கரிக்காரரின் முகம் இளகியது. "எங்க அண்ணன். டெய்லர். அப்பா அம்மா போனதுக்கப்புறம் என்னை வளர்த்தது அவர்தான். என் பையனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த வருஷம் அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. என்னோடது பொருந்துச்சு. ஒண்ணு கொடுத்தேன்."

ரேடியோ ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"ஆபரேஷன் முடிஞ்சு எழுந்து நடக்க ஆரம்பிச்ச அன்னைக்கு என் கட்டில்கிட்ட வந்தார். தன் கழுத்துல கிடந்ததைக் கழட்டி என் கழுத்துல போட்டார். 'என்கிட்ட இருக்கிறதுல நல்லது இதுதாண்டா'ன்னார். அந்த வார்டே பார்த்துச்சு மேடம். நர்ஸம்மா அழுதாங்க."

"செயின்ல அடையாளம் ஏதாவது உண்டா?"

"ஒரு கண்ணி நசுங்கியிருந்துச்சு. அண்ணன் குனிஞ்சு தைக்கும்போது மிஷின்ல சிக்கினது. அப்புறம் அதை நிமிர்த்தியாச்சு."

"நல்லா பார்த்துக்கிட்டீங்களா?"

"கண்ணு மாதிரி. அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி. குளிக்கப் போனா கழட்டிடணும். செண்ட் படக்கூடாது. வேர்த்தா பருத்தித் துணியால ஒத்தி எடுக்கணும், அழுத்தித் தேய்க்கக்கூடாது. பிரஷ் போடவே கூடாது. படுக்கும்போது தனி வெல்வெட் பையில வைக்கணும். தெரியாத கடையில கொடுத்தா சுரண்டிடுவாங்க, அதனால யார் கையிலயும் கொடுக்கக்கூடாது."

"எங்க வீட்டுல என்னையே இப்படி யாரும் பார்த்துக்கல" என்றான் ரேடியோ.

அக்கா செயினைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "பேக்கரியைப் பார்க்கணும்."

பேக்கரி ஒரு நீளமான ஒற்றைக் கட்டடம். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் மாவு அறை, அதற்கும் பின்னால் அடுப்பு. மாவு அறைச் சுவரில் அந்த ஆணி இருந்தது. அதற்கு நேர் கீழே தட்டு கழுவும் தொட்டி. பேக்கரிக்காரர் அடுப்பைப் பார்க்கப் போனார். அவர் மனைவி கல்லாப் பக்கம் நின்று பன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

"என் தம்பியைத் திருடன்னு நிரூபிக்க வந்திருக்கீங்க. பன் சாப்பிடுறீங்களா?" என்றாள்.

"சாப்பிட்டுட்டே நிரூபிக்கிறோம்" என்று ரேடியோ அக்காவிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டான். ஒன்றைக் கடித்தபடி வாசலைப் பார்த்தான். எதிர்ச்சாரியில் பஞ்சர் கடை பெஞ்சில், காலடியில் பையோடு ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். ரேடியோ இன்னொரு பன்னோடு தெருவைக் கடந்து போனான்.

"நேத்திலேர்ந்து அங்கேதான் இருக்கானா?" என்றாள் அக்கா.

"ராத்திரி கூட்டாளி அறையில படுத்தான். விடிஞ்சதும் அங்கே வந்து உட்கார்ந்துட்டான். இவர் கண்ணுல படட்டும்னு. இவர் பார்த்தாத்தானே." மனைவியின் குரல் உயர்ந்தது. "அந்தச் செயினுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல யாருக்கும் கிடையாதுங்க. ஒரு தடவை தட்டுல கறை போக மருந்துத் தண்ணி கலந்து வெச்சிருந்தேன். ஆணியிலேர்ந்து நழுவி அதுல விழுந்துடுச்சு. எடுத்துப் பார்த்தா அங்கங்க செக்கச்செவேல்னு ஆகிடுச்சு. நான் வேணும்னே போட்ட மாதிரி ஒரு வாரம் என் மூஞ்சியில முழிக்கல."

"அப்புறம் எப்படிச் சரியாச்சு?"

"அவங்க அண்ணன் வந்தார். 'தங்கத்துல கொஞ்சம் செம்பு சேர்த்துதானே செய்வாங்க, அது மேல வந்திருக்கு, பாலிஷ் போட்டா போயிடும்'னு வாங்கிட்டுப் போனார். வருஷா வருஷம் அவர்தான் பத்தர்கிட்ட கொடுத்து பாலிஷ் போட்டுத் தருவார். அந்த வருஷம் ரெண்டு தடவை. புதுசு மாதிரி வந்துச்சு."

"அப்போ உங்க தம்பி இங்கேதான் இருந்தானா?"

"எங்கே? அவன் அப்போ படிச்சிட்டிருந்தான். என் வீட்டுக்கு வந்ததே அதுக்கெல்லாம் ரொம்ப அப்புறம்."

அக்கா பன்னை மெல்லுவதை நிறுத்தினாள். பன்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் அதைக் கவனிக்கவில்லை. தான் சொன்ன வார்த்தையே தம்பியைக் காப்பாற்றிவிட்டது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது ரேடியோ காத்திருந்தான்.

"என்ன சொல்றான்?"

"செயினைப் பத்தி நான் ஒண்ணு கேட்டா, அவன் மாவைப் பத்தி ஒண்ணு கேட்கிறான். 'மாமா ஈஸ்ட்டை மறந்துடுவார், நான் ஞாபகப்படுத்தினாதான் போடுவார், இன்னைக்குப் போட்டாரான்னு பார்த்தீங்களா'ங்கிறான். அக்கா, திருடன் இவ்வளவு பொறுப்பா இருந்தா நானே வேலைக்கு வெச்சுப்பேன்."

"அவன் இல்ல. அவன் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அது செம்புதான்." மனைவி சொன்னதை அக்கா அவனுக்குச் சொன்னாள். "மருந்துத் தண்ணியில தங்கம் மங்கலாம். திட்டுத்திட்டா சிவக்காது. மேல இருந்த முலாம் உரிஞ்சா உள்ளே இருக்கிறதுதான் தெரியும்."

ரேடியோ விரலைச் சொடுக்கினான். "அப்போ பத்தர். பாலிஷுக்கு வந்ததை வெச்சுக்கிட்டு டூப்ளிகேட்டைத் திருப்பிக் கொடுத்துட்டான். கேஸ் முடிஞ்சுது, டீ குடிக்கலாம்."

"இருக்கலாம். முதல்ல உனக்கு ஒரு செயின் பார்க்கலாம்."

பேக்கரிக்காரர் போன அதே நகைக்கடை. அதே சேல்ஸ்மேன். ரேடியோவின் கழுத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, எடுத்த தடித்த செயினைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"சாருக்குக் கழுத்து மெலிசு. இதைப் போட்டா செயின் முன்னால வரும், சார் பின்னால வருவீங்க. தினமும் போடறதா, விசேஷத்துக்கு மட்டுமா?"

"தினமும். நான் போற இடமெல்லாம் விசேஷம்தான்."

"அப்போ உள்ளே பொள்ளலா இருக்கிறதைத் தொடாதீங்க. பார்க்கப் பெரிசா இருக்கும், ஒரு இழுப்புல நசுங்கும். கெட்டிக் கண்ணியா எடுங்க. கழுத்துல, நெஞ்சுல முடி இருந்தா முறுக்கு மாடல் வேண்டாம், பிடிச்சு இழுக்கும்."

"அந்தக் கவலை இல்லங்க. எங்க வம்சமே பளிங்கு."

"நீளம், முதல் பட்டனுக்குக் கொஞ்சம் கீழே வந்தா போதும். எல்லாத்துக்கும் மேல கொக்கியைப் பாருங்க. திறக்கக் கொஞ்சம் கஷ்டப்படுத்தினாதான் நல்ல கொக்கி. செயின் தொலைஞ்சுதுன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தொலைஞ்சது கொக்கிதான்."

"எப்படிப் பராமரிக்கணும்?" என்றாள் அக்கா.

"வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு ஷாம்பூ. மெத்துன்னு ஒரு டூத் பிரஷ். கண்ணிக்குள்ள இருக்கிற அழுக்கு போற வரைக்கும் தேய்ச்சு, அலசி, துணியில துடைச்சிடுங்க. நீச்சல் குளத்துக்குப் போட்டுட்டுப் போகாதீங்க. செண்ட் அடிச்ச கையோட தொடாதீங்க. மத்த நகையோட சேர்த்துக் கொட்டி வைக்காதீங்க, கீறும். அவ்வளவுதான்."

"பிரஷ் போடலாமா?"

"தாராளமா. மெத்துன்னு ஒரு பிரஷ்ஷுக்குப் பயப்பட்டா அது என்ன தங்கம் மேடம்?"

"வருஷா வருஷம் பாலிஷ்?"

"எதுக்கு? ஒவ்வொரு பாலிஷுக்கும் துளி தங்கம் போகும். எப்பவாவது ஒரு தடவை போட்டா போதும்."

"பல வருஷம் கழுத்துலயே கிடந்தா செயின் எப்படி ஆகும்?"

"தேயும். கண்ணியும் கண்ணியும் உரசுற இடம் மெலிஞ்சுடும். கொக்கியில இருக்கிற சீலும் மழுங்கிடும்."

அக்கா கைப்பையிலிருந்து செயினை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். சேல்ஸ்மேனுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. சங்கடமாக நெளிந்தார்.

"கவரிங்னு தெரியும். லென்ஸ்ல ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. உரசுற இடம் மெலிஞ்சிருக்கா?"

அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "மெலியல. தடிச்சிருக்கு. சீல் எழுத்தெல்லாம் குழி மூடிப்போய்க் கிடக்கு." லென்ஸை எடுத்தார். "இது இப்போ புதுசா செஞ்ச கவரிங் இல்ல மேடம். மேல மேல பூசிக்கிட்டே வந்திருக்காங்க. தேய்மானத்தை எல்லாம் பூச்சு மூடிடுச்சு."

தெருவுக்கு வந்ததும் ரேடியோ ஆரம்பித்தான். "பத்தர் பலே ஆளு அக்கா. பாலிஷ் பாலிஷ்னு சொல்லி வருஷா வருஷம் முலாம் பூசிக் கொடுத்திருக்கான். அண்ணன், தம்பி ரெண்டு பேர் தலையிலயும் மிளகாய் அரைச்சிருக்கான். டெய்லர்கிட்ட பத்தரோட விலாசம் வாங்கினா வேலை முடிஞ்சுது."

"டெய்லர்கிட்டதான் போறோம்" என்று அக்கா போனை எடுத்துப் பேக்கரிக்காரரை அங்கே வரச் சொன்னாள்.

"விலாசத்துக்குத்தானே?"

"உனக்குச் சட்டை தைக்க."

தையல்கடையில் மூன்று மிஷின்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் போன வேலையாட்கள் திரும்பவில்லை. டெய்லர் மட்டும் வெட்டும் மேஜையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பட்டன், அதன் மேல் அளவு டேப். மின்விசிறி சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி போன்ல எல்லாம் சொன்னான்" என்றார். குரலில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "எனக்கு நேத்து சோறே இறங்கல. மச்சினனை வீட்டோட வெச்சுக்காதேன்னு நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். இளகின மனசு. யாரை வேணா நம்பிடுவான்."

அவர் சொல்லி முடிக்கும்போது பேக்கரிக்காரர் உள்ளே வந்தார். டெய்லர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, டேபிள் மேல் இருந்த தண்ணீரை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "வெயில்ல வந்திருக்க, முதல்ல குடி."

"பேசிட்டே இவனுக்கு ஒரு சட்டைக்கு அளவெடுத்துடுங்களேன்" என்றாள் அக்கா.

டெய்லர் டேப்பை உருவினார். ரேடியோ கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"இந்தச் செயினுக்கு பாலிஷ் போட்ட பத்தர் எங்கே இருக்கார் சார்?"

"அவரா? கடைத்தெருவுல இருந்தார். இப்போ இல்ல. காலி பண்ணிட்டுப் போயிட்டார்."

"எப்போ?"

"அது ஆச்சு, ரொம்ப வருஷம். தோள் அளவைப் பார்த்துச் சொல்லணும், நேரா நில்லுங்க தம்பி."

"போன வருஷம் யார் போட்டது?"

டேப் ரேடியோவின் முதுகில் ஒரு கணம் நின்றது. "அதுவும் அவர்தான்."

"ரொம்ப வருஷத்துக்கு முன்னால காலி பண்ணிட்டுப் போனவர், போன வருஷம் போட்டார்."

"ஞாபகம் இல்லம்மா. வயசாகுது." டெய்லர் குனிந்து ரேடியோவின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டார்.

அக்கா பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினாள். "நசுங்கின கண்ணியை நிமிர்த்தியாச்சுன்னு சொன்னீங்க. அது எப்போ?"

"முதல் பாலிஷ் அப்போ. பத்தரே நிமிர்த்திட்டார்னு அண்ணன் சொன்னார்."

"வாங்கிப் போட்டுக்கிட்டப்போ வேற ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

அவர் யோசித்தார். "கொஞ்சம் லேசா இருந்த மாதிரி இருந்துச்சு. அண்ணன்கிட்ட சொன்னேன். 'போட்டுப் பழகிட்டா கனம் தெரியாதுடா'ன்னார்." சொல்லி முடித்தபின்தான் தன் வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. அண்ணனைப் பார்த்தார்.

அளவெடுக்க ஏதுவாகக் கையைத் தூக்கி நின்ற ரேடியோ, கீழே குனிந்திருந்த டெய்லரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விலகிய காலருக்கும் தோலுக்கும் நடுவே ஏதோ மின்னியது.

"அக்கா" என்றான் மெதுவாக. "டெய்லர் டேப்பைக் கழட்டிட்டார். ஆனா கழுத்துல இன்னொண்ணு இருக்கு. இது மஞ்சளா இருக்கு."

டெய்லர் சட்டென்று நிமிர்ந்து காலரைப் பிடித்துக்கொண்டார்.

மிஷின் மேல் கிடந்த துணி சரிந்து தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அண்ணே" என்றார் பேக்கரிக்காரர். "பட்டனைக் கழட்டு."

"டேய், இது வேற. இது நான் தனியா..."

"கழட்டு அண்ணே."

வாழ்நாள் முழுதும் பட்டன் தைத்த அந்த விரல்களுக்கு ஒரு பட்டனைத் திறக்க நேரம் பிடித்தது. உள்ளே தடித்த முறுக்குச் செயின். பழையது. உரசிய இடமெல்லாம் மெலிந்து, பளபளப்பு இல்லாமல், ஆழ்ந்த மஞ்சளில் கிடந்தது. கொக்கிக்குச் சற்று தள்ளி ஒரு கண்ணி நசுங்கியிருந்தது.

பேக்கரிக்காரர் அருகில் போய் அந்தக் கண்ணியை விரலால் தொட்டார்.

"ஆஸ்பத்திரியில போட்டது தங்கம்தாண்டா" என்றார் டெய்லர். "அதுல நான் பொய் சொல்லல."

"தெரியும். அப்புறம் எப்போ?"

"உயிர் போயிடும்னு பயந்துட்டு இருந்தேன். அந்தப் பயத்துல எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து, உடம்பு தேறி, மிஷின்ல உட்கார்ந்தேன். கழுத்து வெறுமையா இருந்துச்சு. ஒவ்வொரு தடவை நீ வரும்போதும் கண்ணு அதுலயே போச்சு. உயிர் திரும்பின கையோட ஆசையும் திரும்பிடுச்சுடா. முதல் பாலிஷுக்குன்னு வாங்கினப்பவே மாத்திட்டேன்."

"கேட்டிருந்தா அப்பவே கழட்டிக் கொடுத்திருப்பேனே."

"எப்படிடா கேட்பேன்? கேட்க வாய் வரல."

"என் மச்சினனைத் திருடன்னு சொல்றதுக்கு மட்டும் எப்படி வாய் வந்துச்சு?"

டெய்லர் சாக்குக்கட்டியை எடுத்து, திரும்ப மேஜையில் வைத்தார்.

"நேத்து நான் உனக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன். 'அண்ணே, நீ கொடுத்ததைத் தொலைச்சிட்டேன், என்னை மன்னிச்சிடு'ன்னு அழுதேன். நீ எனக்கு ஆறுதல் சொன்னே." பேக்கரிக்காரரின் குரல் உயரவே இல்லை. "வருஷா வருஷம் நீயே வீடு தேடி வந்து பாலிஷுக்கு வாங்கிட்டுப் போவே. என்மேல இவ்வளவு அக்கறையான்னு பையன்கிட்ட பெருமையா சொல்வேன். பெரியப்பாவைப் பாருடா, அவரை மாதிரி இருக்கணும்னு சொல்லி வளர்த்தேன்."

டெய்லர் கொக்கியைத் திறந்தார். செயினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "எடுத்துக்கோ. உன்னோடதுதான்."

"வேண்டாம்."

"எடுத்துக்கோடா. பையனுக்குப் போடு."

"நீயே வெச்சுக்கோ. கொடுத்ததைத் திரும்ப வாங்குற பழக்கம் எனக்கு இல்ல அண்ணே."

டெய்லரின் இன்னொரு கை, அவர் அறியாமலே, ஆபரேஷன் தழும்பு இருந்த தன் அடிவயிற்றின் பக்கம் போய் நின்றது.

அக்கா கைப்பையைத் திறந்து கவரிங் செயினை வெட்டும் மேஜையில் வைத்தாள். போலீசுக்குப் போவதா என்று பேக்கரிக்காரரைப் பார்த்தாள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு வெளியே நடந்தார். அக்காவும் ரேடியோவும் பின்னாலேயே போனார்கள்.

பஞ்சர் கடை பெஞ்சில் மச்சினன் அப்படியே உட்கார்ந்திருந்தான். மாமா தன்னை நோக்கி வருவதைப் பார்த்து எழுந்து நின்றான். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

பேக்கரிக்காரர் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. "வீட்டுக்கு வாடா. தப்பு என்மேல. ஆயிரம் தடவை சொல்றேன்" என்று குனிந்து பையை எடுத்தார்.

மச்சினன் பையின் மறு காதைப் பிடித்தான்.

"மாமா, நேத்து இதைத் தெருவுல வெச்சீங்களே. அதுக்கு முன்னால 'எடுத்தியாடா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுகூடக் கேட்கல நீங்க."

பேக்கரிக்காரர் பையை விடாமல் நின்றார்.

"கேட்பீங்கன்னுதான் இங்கேயே உட்கார்ந்திருந்தேன். இன்னைக்குக் காலையில ஒரு தடவை என்னைப் பார்த்தீங்க. பார்த்துட்டு ஷட்டரைப் பாதிக்கு இறக்கிட்டீங்க." அவன் கோபமாகப் பேசவில்லை. "பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேக்கரியில வேலை கேட்டிருக்கேன். நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. எங்க அக்காகிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன்னு சொல்லுங்க."

பையை மெல்ல இழுத்து வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ரேடியோ அக்காவின் பக்கம் சாய்ந்தான். "போய்ப் பிடிச்சு நிறுத்தவா?"

"நிறுத்தி? நீ சொல்லி வந்தா அதுக்கு என்ன மதிப்பு? வா, போகலாம்."

பேக்கரிக்காரர் தனியாகத் தெருவைக் கடந்தார். மனைவி கல்லாப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். அண்ணன் செய்ததைச் சொன்னார். அவள் வியப்படையவில்லை, திட்டவும் இல்லை.

"அவன் வரலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரல."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன். பையைக்கூட எடுத்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேக்கரியில சேரப்போறானாம்." முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். "என்னை ஏமாத்தினவரைத் தலைமேல வெச்சுக் கொண்டாடினேன். என்னை நம்பி வந்தவனைத் தெருவுல நிறுத்திட்டேன்."

அவள் அலமாரிக் கண்ணாடியைச் சாத்தினாள். கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"நாளைக்கு அந்தப் பேக்கரிக்குப் போங்க" என்றாள். "மறுநாளும் போங்க. வாசல்ல ஒரு பெஞ்ச் இருக்குமில்ல, அங்கே உட்காருங்க. அவன் பார்க்காட்டியும் உட்காருங்க. இங்கே கடையை நான் பார்த்துக்கிறேன்."